1.82-ஐ விட 3.06 ஏன் பெரிய சாதனை? லெஃப்டி குரோவ் கணக்கு

கணக்குப் பரீட்சையில் 62 மார்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அப்பா கேட்கிற முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "கிளாஸ்ல ஃபர்ஸ்ட் மார்க் எவ்வளவு?" 98 என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு கொஞ்சம் கசக்கும். "65 தான்ப்பா, பாதி கிளாஸ் ஃபெயில்" என்றால் அதே 62-க்கு முதுகில் ஒரு தட்டு கிடைக்கும்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்த இந்தக் கேள்வியை, புள்ளிவிவரத்துக்குப் பேர்போன பேஸ்பால் ரசிகர்களே பல நேரம் கேட்பதில்லை. அதனால் பட்டியலில் காணாமல் போன ஒருவர் உண்டு. பெயர் லெஃப்டி குரோவ். அமெரிக்க மேஜர் லீக்கில் 1925 முதல் 1941 வரை பந்து வீசிய இடதுகைக்காரர். எதிரணியை ரன் எடுக்க விடாமல் தடுத்ததில் வரலாற்றின் முதல் மூன்று நான்கு பேரில் ஒருவர் என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனால் வாழ்நாள் சராசரிப் பட்டியலைத் திறந்தால், முதல் நூறு பேரில்கூட அவர் இல்லை.

அது என்ன சராசரி?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் 9 இன்னிங்ஸ். 3 பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது. ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான் இ.ஆர்.ஏ. எனப்படும் எண். ஃபீல்டர் கேட்சை நழுவவிட்டோ, தப்பாக எறிந்தோ 'எரர்' செய்ததால் வந்த ரன்கள் பிட்சர் தலையில் ஏறாது. மீதி ரன்களை 9-ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் எண் வந்துவிடும். குறைவாக இருந்தால் நல்லது. நம்ம எகானமி ரேட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் எல்லாக் காலத்துக்கும் முதலிடம் எட் வால்ஷ் என்பவருக்கு. 1904 முதல் 1917 வரை ஆடியவர். வாழ்நாள் இ.ஆர்.ஏ. 1.82. அடுத்து அதே காலத்து ஆடி ஜாஸ், 1.89. 'பிக் டிரெய்ன்' என்று பேர் வாங்கிய வால்டர் ஜான்சன் 2.17. இவர்களோடு ஒப்பிட்டால் குரோவின் 3.06 எந்த மூலைக்கு? ஒரு ஆட்டத்துக்கு ஒரு ரன்னுக்கு மேல் அதிகமாகக் கொடுத்திருக்கிறாரே!

இங்கேதான் அப்பாவின் கேள்வி தேவைப்படுகிறது.

ஒரே எண், மூன்று காலம்

3.08 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 1938-ல் குரோவின் இ.ஆர்.ஏ. அது. மேஜர் லீக்கில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள். அந்த வருடம் அமெரிக்கன் லீக்கிலேயே சிறந்த இ.ஆர்.ஏ. அந்த 3.08 தான். லீக் முழுக்க சேர்த்த சராசரி 4.79.

இப்போது அதே 3.08-ஐ 30 வருடம் பின்னால் தள்ளி 1908-க்குக் கொண்டுபோங்கள். அங்கே அமெரிக்கன் லீக் சராசரி 2.39. சராசரி பிட்சரை விடவும் மோசம். அதையே 30 வருடம் முன்னால் தள்ளி 1968-க்குக் கொண்டுபோனால்? இரண்டு லீக்கிலும் சராசரி 3-க்குச் சற்றுக் கீழே. அங்கேயும் 3.08 சுமார்தான். ஒரு வருடத்தில் முதல் ராங்க், இன்னொரு வருடத்தில் பின் பெஞ்ச்.

காரணம் பிட்சர்களின் கையில் இல்லை, பந்தில் இருந்தது. வால்ஷ் காலத்தில் ஒரே பந்தை முடிந்தவரை ஆட்டம் முழுக்க ஓட்டுவார்கள். மண், புகையிலைச் சாறு, எச்சில் எல்லாம் பட்டு அது கறுத்துப்போகும். பந்தில் எச்சில் தடவி வீசுவது சட்டப்படி செல்லும். வால்ஷே அந்த 'ஸ்பிட்பால்' வித்தையில் ராஜா. நைந்துபோன பந்தை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தூரம் போகாது. அந்தக் காலத்தை இன்றும் 'டெட் பால்' காலம் என்றே சொல்கிறார்கள்.

1920-ல் கதை தலைகீழானது. ஸ்பிட்பால் தடை செய்யப்பட்டது. ஏற்கெனவே அதை நம்பிப் பிழைத்த சிலருக்கு மட்டும் விலக்கு. அதே வருடம் ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற பேட்டர் தலையில் பந்து பட்டு இறந்துபோனார். அதன் பிறகு அழுக்குப் பந்தை அடிக்கடி மாற்றுவது வழக்கமாயிற்று. வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரிந்தது, பறந்தது. பேப் ரூத் அந்த ஒரே சீசனில் 54 ஹோம் ரன் அடித்தார். மற்றவர்களும் அவரைப் பார்த்து ஓங்கி அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த வெயிலில்தான் குரோவ் வந்து இறங்கினார்.

அந்த 1930

உச்சம் 1930. நேஷனல் லீக்கில் அந்த வருடம் லீக் முழுக்க பேட்டிங் சராசரியே .303. அதாவது சாதாரண ஆள்கூட ஸ்டார் மாதிரி அடித்தார். பிலடெல்பியா ஃபிலீஸ் அணி .315 அடித்தும் 102 ஆட்டம் தோற்றது. காரணம், அவர்களுடைய பிட்சர்களின் இ.ஆர்.ஏ. 6.71. இதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன், அந்தப் பிட்சர்கள் மன்னிக்கட்டும்.

அதே ஊரின் இன்னொரு அணியான அத்லெடிக்ஸுக்கு, அமெரிக்கன் லீக்கில் ஆடினார் குரோவ். அவருடைய எண் 2.54. லீக் சராசரி 4.65-ஐ ஒட்டி. இரண்டாம் இடத்தில் வந்த வெஸ் ஃபெரல் 3.31. முதல் ராங்குக்கும் இரண்டாம் ராங்குக்கும் நடுவே முக்கால் ரன் இடைவெளி. 28 வெற்றி, 5 தோல்வி. ஸ்ட்ரைக் அவுட்டிலும் அவர்தான் முதல். லீக்குக்கு வந்த முதல் ஏழு வருடமும் அந்தப் பட்டத்தை அவர் யாருக்கும் விட்டுத்தரவில்லை. அடுத்த வருடம் இன்னும் போய், 31 வெற்றி, 4 தோல்வி, 2.06.

இது ஒரு வருட அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. லீக்கின் சிறந்த இ.ஆர்.ஏ. என்ற இடத்தை அவர் ஒன்பது முறை பிடித்திருக்கிறார்: 1926, 1929, 1930, 1931, 1932, 1935, 1936, 1938, 1939. வேறு எந்தப் பிட்சரும் இத்தனை முறை பிடித்ததில்லை. ஒன்பது முறை கிளாஸ் ஃபர்ஸ்ட் வந்த பையனை, டோட்டல் மார்க் குறைவு என்று நூறாவது ராங்குக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறோம்.

அந்தத் தேதிகளில் ஒரு இடைவெளி இருப்பதைக் கவனித்தீர்களா? 1934. உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். அத்லெடிக்ஸ் முதலாளியும் மேனேஜருமான கானி மேக் செலவு தாங்காமல் ஸ்டார்களை ஒவ்வொருவராக விற்றார். குரோவ் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் போனார். போன முதல் வருடமே கை வலி, இ.ஆர்.ஏ. 6.50. வயது 34. வேகத்தை மட்டுமே நம்பியவரின் கதை இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவரோ வேகத்தை விட்டுவிட்டு கர்வ் பந்தும் புத்தியுமாகத் திரும்பி வந்தார். பாஸ்டனின் ஃபென்வே பார்க், இடதுகை பிட்சர்களுக்கு ஆகாத மைதானம் என்று பெயர் எடுத்தது. இடது பக்கச் சுவர் அவ்வளவு பக்கம். அங்கே இருந்துகொண்டு நான்கு முறை லீக் பட்டம். என்னைக் கேட்டால், 1931-ஐ விட இந்த இரண்டாம் ஆட்டம்தான் அவருடைய பெரிய சாதனை.

சரி, கணக்குக்கு வருவோம்

காலத்தையும் மைதானத்தையும் சரிசெய்து பார்க்க ஒரு எண் இருக்கிறது. இ.ஆர்.ஏ. பிளஸ். லீக் சராசரியை பிட்சரின் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குகிறார்கள். அவர் ஆடிய மைதானம் ரன் மழை மைதானமா, வறண்ட மைதானமா என்பதற்கும் ஒரு திருத்தம் போடுகிறார்கள். 100 என்றால் அந்தக் காலத்துச் சராசரி ஆள். மேலே போகப் போக நல்லது.

வாழ்நாள் கணக்கில் வால்ஷ் 145-ஐ ஒட்டி வருகிறார். வால்டர் ஜான்சன் 147. குரோவ் 148. 1.82-ம் 2.17-ம் 3.06-ம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன, அதிலும் 3.06 ஒரு படி மேலே. 1960-களின் கதாநாயகன் சேண்டி கூஃபாக்ஸ் 2.76 வைத்திருக்கிறார். பிட்சர்களுக்குச் சாதகமான காலம், பிட்சர்களுக்குச் சாதகமான மைதானம் இரண்டையும் கழித்தால் அவர் 131.

148 என்றவுடன் "சராசரியை விட 48 சதவீதம் குறைவாக ரன் கொடுத்தார்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது தப்பு. 100-ஐ 148-ஆல் வகுத்தால் 0.68 வருகிறது. சராசரி பிட்சர் 100 ரன் கொடுக்கிற இடத்தில் குரோவ் 68 கொடுத்தார் என்று அர்த்தம். அதாவது 32 சதவீதம் குறைவு. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், அமெரிக்க ஆபீஸ் நண்பரோடு பேஸ்பால் பேசும்போது கொஞ்சம் கெத்தாக இருக்கலாம்.

இன்னொரு கணக்கு நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு சராசரி பிட்சரை அவர்களுடைய இடத்தில் நிறுத்தியிருந்தால் எத்தனை ரன் கூடுதலாகப் போயிருக்கும்? வால்ஷ் சுமார் 2,964 இன்னிங்ஸ் வீசினார். தடுத்த ரன்கள் சுமார் 270. குரோவ் சுமார் 3,940 இன்னிங்ஸ். தடுத்தது சுமார் 640. இரண்டு மடங்குக்கு மேல்! ரன் குறைவாக வரும் காலத்தில் தடுப்பதற்கும் குறைவாகத்தானே இருக்கும். இந்த வகைக் கூட்டல் கணக்கில் ரொம்ப நாள் ஆடியவர்களுக்கு லாபம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 5,900 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய வால்டர் ஜான்சன் இதில் குரோவை லேசாகத் தாண்டுவார். ஆனால் குரோவ் மேஜர் லீக்குக்கு வந்ததே 25 வயதில். அதற்கு முன் ஐந்து சீசன் பால்டிமோரில், கீழ்நிலை லீக்கில், நூறு ஆட்டங்களுக்கு மேல் ஜெயித்துக்கொண்டிருந்தார். அணி முதலாளி ஜாக் டன் அவரை விற்க மனமில்லாமல் வைத்திருந்து, கடைசியில் 1,00,600 டாலருக்குக் கொடுத்தார். பேப் ரூத்துக்குக் கொடுக்கப்பட்ட ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டும் என்றே அந்த 600 சேர்க்கப்பட்டதாகச் சொல்வார்கள். அந்த ஐந்து வருடம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

"அப்போ கிரிக்கெட்டில்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. டெஸ்டில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர்களில் சிறந்த பவுலிங் சராசரி ஜார்ஜ் லோமனுக்கு, 10.75. ஆடியது 1886 முதல் 1896 வரை, மூடி வைக்காத பிட்ச்களில். மால்கம் மார்ஷலின் 20.94-ஐ விட அவர் இரண்டு மடங்கு நல்ல பவுலர் என்று யாராவது சொல்வார்களா? கிரிக்கெட்டில் நாம் மனசுக்குள் தானாகவே திருத்தம் போட்டுக்கொள்கிறோம்.

பெட்ரோ என்ற பிரச்சினை

குரோவுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். டொமினிகன் குடியரசிலிருந்து வந்த பெட்ரோ மார்டினெஸ். 2009-ல் கடைசி ஆட்டம். வாழ்நாள் இ.ஆர்.ஏ. 2.93, பிளஸ் கணக்கில் 154. அண்மையில் ஓய்வு பெற்ற கிளேட்டன் கெர்ஷாவும் இதை ஒட்டியே வருகிறார். (மரியானோ ரிவேரா 205 வைத்திருக்கிறாரே என்று ஒரு குரல் கேட்கிறது. அவர் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ் மட்டும் வீசும் குளோசர். டெத் ஓவர் ஸ்பெஷலிஸ்ட்டை ஐந்து நாள் டெஸ்ட் பவுலரோடு ஒப்பிட வேண்டாமே.)

பெட்ரோவின் 2000-ம் ஆண்டைப் பார்த்தால் தலை சுற்றும். ஊக்கமருந்து ஊசி போட்ட புஜங்கள் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம். அமெரிக்கன் லீக் சராசரி 4.91. பெட்ரோ 1.74. இரண்டாம் இடம் ரோஜர் கிளெமென்ஸ், 3.70. இரண்டாம் ராங்க் எடுத்தவர் முதல் ராங்கை விட இரண்டு மடங்குக்கு மேல் ரன் கொடுத்திருக்கிறார்! பிளஸ் கணக்கில் 291. பேஸ்பாலில் அதிகம் கொண்டாடப்படும் எண் 1968-ல் பாப் கிப்சன் எடுத்த 1.12. ஆனால் அந்த வருடம் பிட்சர்களின் ஆதிக்கம் அளவுக்கு மீறிப்போய், மறு வருடமே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள். கிப்சனின் பிளஸ் எண் 258. சத்தியமாகப் பெரிய எண்தான். ஆனாலும் 1.74 அதைவிடப் பெரியது.

அப்படியானால் குரோவா, பெட்ரோவா? ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பந்தை யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்றால் பெட்ரோவிடம் கொடுப்பேன். 17 வருடத்துக்கு ஒருவரை வேலைக்கு எடுக்கச் சொன்னால் குரோவ். பெட்ரோ சுமார் 2,827 இன்னிங்ஸ்தான் வீசினார்.

எண்ணுக்குள் வராதவை

1931 ஆகஸ்டில் குரோவ் தொடர்ந்து 16 ஆட்டம் ஜெயித்திருந்தார். அமெரிக்கன் லீக் சாதனையைச் சமன் செய்தாகிவிட்டது. 17-வது ஆட்டம் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸுக்கு எதிராக. வழக்கமான லெஃப்ட் ஃபீல்டர் அல் சிம்மன்ஸ் அன்றைக்கு இல்லை. அவருக்குப் பதிலாக நின்ற ஜிம்மி மூர் ஒரு உயரப் பந்தைத் தப்பாகக் கணித்தார். அது அவரைத் தாண்டிப் போயிற்று. ஒரே ரன். 0-1 தோல்வி. குரோவ் டிரெஸ்ஸிங் ரூமைத் துவம்சம் செய்தார். கோபம் மூர் மேல் இல்லை, ஊருக்குப் போயிருந்த சிம்மன்ஸ் மேல் என்று பிறகு பல வருடம் பொருமிக்கொண்டிருந்தாராம்.

கையில் பட்ட பந்தை நழுவவிட்டால்தான் பெரும்பாலும் எரர். தப்பான திசையில் ஓடி, பந்தைத் தொடவே தொடாவிட்டால் பேட்டருக்கு ஹிட், பிட்சருக்கு ரன். ஃபீல்டிங்கின் பங்கை இ.ஆர்.ஏ. முழுக்கப் பிரிப்பதில்லை, அதன் மேல் கட்டிய பிளஸ் எண்ணும் பிரிப்பதில்லை. இதற்கென்று இன்று வேறு அளவுகோல்கள் வந்துவிட்டன. அதில் போனால் இந்தக் கட்டுரை முடியாது.

ஆனால் இதைவிடப் பெரிய ஒரு ஓட்டை இருக்கிறது. இவ்வளவு நேரம் "கிளாஸ்ல மத்தவங்க எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த கிளாஸில் யாரை எல்லாம் உட்கார விட்டார்கள்?

குரோவ் ஆடிய 17 வருடமும் மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. எழுதப்படாத தடை. அவர்கள் தனியே நீக்ரோ லீக்குகளில் ஆடினார்கள். சாட்சல் பெய்ஜ் என்ற மகத்தான பிட்சர் குரோவை விட ஆறு வயது இளையவர். குரோவ் பட்டங்களாக வாங்கிக் குவித்தபோது பெய்ஜ் வேறு மைதானங்களில் வீசிக்கொண்டிருந்தார். பேட்டர் ஜோஷ் கிப்சனுக்கு எதிராக குரோவ் லீக் ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீச வேண்டியிருக்கவில்லை. 1930-ன் லீக் சராசரி என்பது கதவைச் சாத்திக்கொண்டு நடத்திய பரீட்சையின் சராசரி. வால்ஷுக்கும் ஜான்சனுக்கும் அதேதான். பெட்ரோவே அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் அவருடைய தோலின் நிறத்துக்கு உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

2020 டிசம்பரில்தான் மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்காக ஏற்றது. 2024 மே மாதம் அந்தப் புள்ளிவிவரங்களைத் தன் ஏடுகளில் சேர்த்தது. அந்த நாளே வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காபின் .367-ஐத் தாண்டி ஜோஷ் கிப்சனின் .372 முதலிடத்துக்கு வந்தது. ஆனால் இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்களும் ஒரே லீக்கில் மோதியிருந்தால் 1930-களின் சராசரி எங்கே நின்றிருக்கும் என்பதற்கு எந்த பிளஸ் எண்ணும் இல்லை. அதனால் 148-க்கும் 154-க்கும் நடுவே இருக்கிற அந்த ஆறு, என் பார்வையில் ஆறை விடப் பெரியது. 17 வருட வேலைக்கு குரோவ் என்று மேலே சொன்னேனே, அதை எழுதிவிட்டு இரண்டு முறை அழித்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். கதவைச் சாத்தியது அவர் இல்லை, உள்ளே இருந்தவர்களை அவரளவுக்கு யாரும் ஜெயிக்கவும் இல்லை.

குரோவ் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானது 1947 ஜனவரியில். அதே வருடம் ஏப்ரல் 15-ம் தேதி, புரூக்ளின் மைதானத்தில் ஜாக்கி ராபின்சன் தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்துக்கு இறங்கினார்.